டீசல் குழாயில் புகும் காற்று

நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தோட்டம் ஒன்றிற்கு நாம் சென்றிருந்தபொழுது, பால் கொட்டகையின் முன்னால் ஒரு லோரி பாரத்துடன் நின்றுகொண்டிருந்தது. மணி 11ஐக் கடந்துவிட்டது. விடியற்காலையில் வெட்டி எடுத்த பால் முழுவதும் அதன் டாங்கியில் இருந்தது. ஓட்டுநர் சாவியைத் திருப்புவார், இயந்திரம் இரண்டு மூன்று முறை இருமும், பிறகு ஓய்ந்துவிடும். கெலிண்டானாக வேலை செய்த இளைஞர் சக்கரத்தின் அடியில் கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு, என்ன செய்வதென்று அறியாது நின்றார். அமோனியா சேர்த்திருந்தபோதிலும், வெயிலில் நிற்கும் பால் திரிந்துவிடுமோ என்ற கவலை கிராணியார் முகத்தில் தெரிந்தது. பால் டாங்கியிலேயே உறைந்துபோனால் என்னவாகும் என்பதை மரம் வெட்டுவோருக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

அந்த லோரிக்கு அதே கோளாறு ஒரு மாத காலமாக இருந்து வந்ததாம். பட்டணத்திலிருந்து வந்த மெக்கானிக் ஒருவர், நோசலுக்கு டீசலை அனுப்பும் பெரிய பம்பு பழுதாகிவிட்டது என்று கூறி, அதைக் கழற்றி எடுத்துச் சென்றார். ஒன்பது நாள்கள் கழித்துப் பம்பு திரும்பி வந்தது. கூடவே ஆயிரத்துக்கு மேற்பட்ட வெள்ளிக்குக் கட்டணச் சீட்டும் வந்தது. பம்பைப் பூட்டியவுடன் லோரி நன்றாக ஓடிற்று. இரண்டே நாள்! மூன்றாம் நாள் காலையில் பழைய கதை தொடங்கிவிட்டது.

முடிவில் அகப்பட்ட குற்றவாளி, ஒரு சிறிய ரப்பர் வளையம். டீசலில் கலந்துள்ள நீரைப் பிரித்து வைக்கும் கிண்ணம் ஒன்று லோரியில் உண்டு. அதன் விளிம்பில் பொருந்தியிருக்க வேண்டிய வளையம் அது. முன்பொரு நாள் கிண்ணத்தைக் கழுவிப் பூட்டியவர், பழைய வளையம் மேல்மூடியில் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கவனியாமல், புதிய வளையத்தையும் வைத்து முறுக்கிவிட்டார். ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிய வளையங்கள் மயிரிழை அளவு இடைவெளி விட்டிருந்தன. அதன் வழியே ஒரு சொட்டு டீசலும் வெளியே ஒழுகவில்லை. ஆனால் காற்று மட்டும் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

டீசல் வெளியேறாத ஓட்டையில் காற்று எவ்வாறு நுழையும்? இந்த ஒரு கேள்விக்கு விடை அறிந்தவர், பம்பைக் கழற்றுமுன் பத்து வெள்ளி செலவில்லாமல் கோளாற்றைக் கண்டுபிடிக்கக் கூடும். அந்த விடையையும், அதைக்கொண்டு சோதிக்கும் முறைகளையும் இங்கு விளக்குவோம்.

காற்று ஏன் பகையாகிறது?

பெட்ரோல் வண்டியில் எரிபொருளைப் பற்றவைக்க நெருப்புப் பொறி உண்டு. டீசல் இயந்திரத்தில் அது கிடையாது. சிலிண்டருக்குள் இழுத்த காற்று, 16 முதல் 20 பங்கில் ஒரு பங்காகச் சுருங்கும்படி அழுத்தப்படுகிறது. அவ்வாறு நெருக்குண்ட காற்று 500 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசலை நுண்ணிய தூவலாகப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். இதற்குப் பழைய லோரிகளின் நோசல் வாய் திறப்பதற்கே, நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 200 மடங்கு வேண்டும்.

ஜெர்மானியப் பொறியாளரான ருடோல்ஃப் டீசல் உருவாக்கிய இயந்திரம் 1897ஆம் ஆண்டில் வெற்றியுடன் ஓடியது. வேடிக்கை என்னவென்றால், அந்நாளில் எரிபொருளைச் சிலிண்டருக்குள் ஊதித் தள்ளுவதற்கே அழுத்திய காற்றுதான் பயன்பட்டது. அதற்கென்று தனியாக ஒரு காற்றழுத்தப் பொறியையும் சுமக்க வேண்டியிருந்தமையால், அத்தகைய இயந்திரம் லோரிக்கு ஏற்றதாக இல்லை. டீசலை நேரே அழுத்தி அனுப்பும் பம்பை பாஷ் நிறுவனம் 1927ஆம் ஆண்டு முதல் பெருமளவில் செய்யத் தொடங்கிய பின்னரே டீசல் லோரிகள் பெருகின. அன்று துணையாக இருந்த காற்று, இந்தப் பம்பு வந்தபிறகு பகையாகிவிட்டது.

இதைப் பிள்ளைகளும் சோதித்துப் பார்க்கலாம். சைக்கிள் பம்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்துங்கள். கைப்பிடி பாதிவரை இறங்கும், விட்டவுடன் எழும்பும். உள்ளே இருக்கும் காற்று சுருங்கி விரிகிறது. அதே பம்பில் தண்ணீரை நிரப்பி அழுத்தினால் கைப்பிடி அசையாது, அல்லது விரலைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் சீறி வரும். திரவம் சுருங்குவதில்லை, தனக்குக் கொடுத்த அழுத்தத்தை அப்படியே அப்பால் அனுப்பிவிடுகிறது. பாரம் இழுக்கும் லோரியின் பெரிய பம்பு ஒரு தடவைக்கு ஒரு சிலிண்டருக்கு அனுப்பும் டீசல் ஒரு மிளகு அளவேயாகும். அந்த மிளகளவு இடத்தில் ஒரு காற்றுக் குமிழி அமர்ந்துவிட்டால், பம்பின் தள்ளல் முழுவதும் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். நோசல் வாய் திறவாது. அந்தச் சிலிண்டர் எரியாது.

உறிஞ்சும் பக்கமும் தள்ளும் பக்கமும்

டீசல் தொட்டி லோரியின் சட்டத்தோடு தாழ்வான இடத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது. இயந்திரத்தின் பக்கத்தில் உள்ள ஒரு சிறு பம்பு, அங்கிருந்து டீசலை நீர்க் கிண்ணத்தின் வழியாக மேலே இழுக்கிறது. இதனைப் பட்டறையில் 'பீட் பம்பு' என்பர். இழுத்த டீசலை இச்சிறு பம்பு வடிகட்டியின் வழியாகப் பெரிய பம்புக்குத் தள்ளுகிறது. பெரிய பம்பு அதனை அளந்து நோசல்களுக்கு அனுப்ப, எஞ்சிய டீசல் வேறொரு குழாய் வழியே தொட்டிக்குத் திரும்புகிறது.

ஆகவே சிறு பம்பு ஓர் எல்லைக் கல் போன்றது. அதற்கு முன்னால் உள்ளது உறிஞ்சும் பக்கம். பின்னால் உள்ளது தள்ளும் பக்கம். தள்ளும் பக்கத்தில் ஓட்டை இருந்தால், இயந்திரம் ஓடும்போது டீசல் வெளியே கசியும், கண்ணுக்குத் தெரியும், மூக்குக்கும் தெரியும். உறிஞ்சும் பக்கத்தில் அவ்வாறன்று. உறிஞ்சுகுழலால் இளநீர் குடிக்கும்போது குழலில் ஓர் ஊசித் துளை இருந்தால் என்ன நிகழ்கிறது? துளையின் வழியே இளநீர் ஒழுகுவதில்லை. காற்றுதான் நுழைந்து 'சர்' என்று ஒலிக்கிறது. வாய்க்கு இளநீர் வருவதில்லை. லோரியின் உறிஞ்சும் குழாயிலும் அதுவே நடைபெறுகிறது. ஈரமான இடத்தைத் தேடிக் குனிந்து பார்ப்பவர் ஏமாறுவதன் காரணம் இதுதான். வறண்டு கிடக்கும் மூட்டே குற்றமுள்ளதாக இருக்கலாம்.

அதே உறிஞ்சுகுழலின் மேல்வாயை விரலால் அடைத்துத் தூக்கினால் உள்ளே இளநீர் நிற்கும். விரலை எடுத்தால் விழுந்துவிடும். இரவு முழுவதும் நிற்கும் லோரியிலும் இவ்வாறே, எங்கோ ஒரு மூட்டில் காற்று நுழைந்தால், குழாயில் இருந்த டீசல் மெல்ல மெல்லத் தொட்டிக்கு இறங்கிவிடும். காலையில் ஓட்டுநர் சாவியைத் திருப்பும்போது பம்பில் பெரும்பகுதி காற்றுதான் இருக்கும். மாலையில் நன்றாக ஓடிய லோரி காலையில் அடம் பிடிப்பதற்கு இஃது ஒரு முதன்மையான காரணமாகும்.

அடையாளங்கள்

காலையில் கிளம்ப நெடுநேரம் பிடித்தல், கிளம்பியபின் சில வினாடிகள் ஓடி நின்றுவிடுதல், நின்ற இடத்தில் ஓடும்போது இயந்திரம் ஏறியிறங்கி மூச்சு வாங்குதல், மேட்டில் ஏறும்போது திடீரென வலுவிழத்தல் ஆகியவை காற்று புகுந்ததன் அடையாளங்கள். ஆனால் இவை அனைத்தும் வேறு கோளாறுகளிலும் தோன்றக் கூடியவை. எனவே அவசரப்பட்டு முடிவு கட்டலாகாது.

முதலில் புகைப்போக்கியைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் சுழலும்போது புகையே வரவில்லையானால் டீசல் சிலிண்டருக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். வெண்புகையும் டீசல் வாடையும் வந்தால், டீசல் போகிறது, எரியவில்லை. பின்னதற்குக் காரணத்தைக் குழாயில் தேடுவது வீண்வேலை.

அடுத்து, தொட்டியின் மூடி. அதில் காற்று உள்ளே செல்வதற்கென்றே ஒரு சிறு துளை இருக்கும். செம்மண் சேறு அத்துளையை அடைத்துவிட்டால், இழுத்த டீசலுக்கு ஈடாகக் காற்று தொட்டிக்குள் செல்ல முடியாது. சிறிது தொலைவு ஓடியதும் இயந்திரம் திணறும். மூடியைத் தளர்த்தும்போது 'உஸ்' என்ற ஒலியுடன் காற்று உட்சென்று, லோரி உடனே தேறிவிட்டால், கோளாறு மூடியில்தான். துளையைத் துடைத்தால் போதும்.

அடைபட்ட வடிகட்டியும் மேட்டில் வலுவைக் குறைக்கும். ஆனால் அதனால் மட்டும் இரவில் டீசல் இறங்கிவிடாது. இன்னொன்றும் உண்டு. தொட்டிக்குள் இருக்கும் சல்லடை அழுக்கால் அடைபட்டால், சிறு பம்பு முன்னிலும் பலமாக உறிஞ்ச வேண்டியதாகிறது. அப்போது அதுவரை நன்றாக இருந்த மூட்டுகள்கூடக் காற்றை இழுக்கத் தொடங்கும். மூட்டை மட்டும் இறுக்கிவிட்டுச் சல்லடையைக் கழுவாமல் விட்டவர், அடுத்த வாரமே மீண்டும் ஸ்பேனரைத் தேடுவார்.

தொட்டி நிறைந்திருக்கும்போது நன்றாக ஓடி, பாதிக்குக் கீழே இறங்கியதும் தொல்லை கொடுக்கும் லோரிகளும் உண்டு. தொட்டிக்குள் இறங்கும் உறிஞ்சு குழாய் நடுவில் வெடித்திருந்தால் இவ்வாறு நிகழும். டீசல் மட்டம் வெடிப்புக்கு மேலிருக்கும்வரை குற்றம் மறைந்திருக்கும்.

"கடைசியாக எதைக் கழற்றினீர்கள்?"

அன்று அத்தோட்டத்தில் அண்டை டிவிஷனிலிருந்து டிராக்டரை வரவழைத்துப் பாலை மாற்றி அனுப்பிய பின்னர், லயத்திலிருந்து முதியவர் ஒருவர் வந்தார். முன்னாளில் அதே தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். லோரியைத் தொடாமல் அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, கோளாறு வருவதற்குமுன் கடைசியாக எதைக் கழற்றினீர்கள்?" என்பதே. "ஒன்றும் கழற்றவில்லை, அண்ணே" என்றார் ஓட்டுநர். சிறிது நேரங்கழித்துக் கெலிண்டான் தயக்கத்துடன், "கிண்ணத்தைக் கழுவினோமே" என்றார். பம்பைக் கழற்றிச் சென்ற மெக்கானிக் இந்தக் கேள்வியைக் கேட்கவேயில்லை. காற்றுக் கோளாறுகள் பெரும்பாலும் வடிகட்டி மாற்றிய மறுநாளோ கிண்ணம் கழுவிய மறுவாரமோதான் பிறக்கின்றன. பள்ளியில் பயிற்றுவித்த நாள்களில், மாணவன் கணக்கில் எந்த வரியில் தவறினான் என்பதைக் கடைசி வரியிலிருந்து பின்னோக்கித் தேடும்படி நாம் கூறுவதுண்டு. முதியவர் செய்ததும் அதுவே.

ஆயினும் அவர் கேள்வியோடு நிற்கவில்லை. சுத்தமான ஒரு டின்னில் டீசல் நிரப்பி, இயந்திரத்தின் மட்டத்திற்குச் சற்று மேலே கட்டி வைத்தார். சிறு பம்புக்கு வரும் குழாயைக் கழற்றிவிட்டு, டின்னிலிருந்து ஒரு நல்ல குழாயை நேரே பம்புக்குக் கொடுத்தார். திரும்பும் குழாயையும் அந்த டின்னுக்குள்ளேயே விட்டார். உள்ளிருந்த காற்றைப் போக்கிச் சாவியைத் திருப்பியதும் இயந்திரம் கிளம்பி, அரை மணி நேரம் ஒரே சீராக ஓடிற்று. இதன் பொருள் யாது? பெரிய பம்பும் சிறு பம்பும் நோசல்களும் நல்ல நிலையில் உள்ளன. தொட்டிக்கும் சிறு பம்புக்கும் நடுவில்தான் குற்றம் உள்ளது. ஒரு டின் டீசலில் பாதி லோரி குற்றமற்றதென்று தீர்ப்பாகிவிட்டது. டின்னிலிருந்து கொடுத்தும் கோளாறு நீங்காவிட்டால், சிறு பம்பையும் அதற்கு அப்பாலுள்ளவற்றையும் பார்க்க வேண்டும். பம்பைப் பட்டறைக்கு அனுப்புமுன் இச்சோதனையை நடத்தும்படி ஓட்டுநர்களை நாம் வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறோம்.

பாதையின் எந்தப் பகுதி என்பதை மேலும் நெருங்கிக் காண, டீசலைத் தாங்கக்கூடிய கண்ணாடிபோன்ற தெளிந்த குழாய் ஒரு முழம் இருந்தால் போதும். அதனைச் சிறு பம்புக்குச் சற்று முன்னால் இணைத்து, இயந்திரத்தை ஓட்டிப் பாருங்கள். தொடக்கத்தில் சில குமிழிகள் வருவது இயல்பு. ஆனால் இடைவிடாமல் குமிழிகள் வரிசையாக ஓடினால், அந்த இடத்திற்கும் தொட்டிக்கும் இடையில் காற்று புகுகிறது. பிறகு தெளிந்த குழாயை நீர்க் கிண்ணத்துக்கு முன்னால் மாற்றுங்கள். இங்கே குமிழி இல்லையானால் குற்றம் கிண்ணத்தில். இங்கும் குமிழி இருந்தால் இன்னும் தொட்டிப் பக்கம் நகர வேண்டும். அன்று நமது லோரியில் கிண்ணத்துக்குப் பின்னால் குமிழிகள் இருந்தன; முன்னால் ஒன்றும் இல்லை. வளையம் அகப்பட்டது இவ்வாறுதான். சிறு பம்புக்கு முன்னால் குமிழியே இல்லாமல், திரும்பும் குழாயில் மட்டும் குமிழிகள் தொடர்ந்து வருமானால், சிறு பம்பின் உள் அடைப்பையும் அதன்மேல் உள்ள கைப்பம்பையும் ஐயுற வேண்டும். கைப்பம்பின் குமிழைப் பயன்படுத்திய பின் திருகி இறுக்க மறந்துவிடுவோர் பலர்.

ஐயத்திற்குரிய மூட்டு ஒன்று கண்ணில் பட்டால், இயந்திரம் ஓடும்போதே அதன்மேல் கெட்டியான கிரீசை அப்பிப் பாருங்கள். குமிழிகள் நின்றுவிட்டால் மூட்டு அதுதான். கிரீசு கண்டுபிடிக்கும் கருவியேயன்றி மருந்தன்று. சற்று நேரத்தில் உள்ளே உறிஞ்சப்பட்டுவிடும். குழாயிலேயே ஐயம் இருந்தால், இரு முனைகளையும் கழற்றி எடுத்து, ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் சைக்கிள் பம்பால் மெல்லக் காற்றடித்து, வாளித் தண்ணீரில் அமிழ்த்திப் பார்க்கலாம். சைக்கிள் டியூபில் ஓட்டை தேடுவதைப் போன்றதே இது. பட்டறைக் காற்றழுத்தப் பொறியை மட்டும் இதற்குப் பயன்படுத்தலாகாது. அதைத் தொட்டியில் கொடுத்தால் தொட்டி வெடித்துவிடக் கூடும். சோதித்த குழாயைப் பூட்டுமுன் உள்ளே ஒரு துளி நீரும் இல்லாமல் உலர்த்த வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்க.

தள்ளும் பக்கத்துக் கசிவுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. மாலையில் மூட்டுகளை உலரத் துடைத்து, ஒவ்வொன்றிலும் வெள்ளைத் தாளைச் சுற்றிக் கட்டுங்கள். காலையில் கறை படிந்த தாள் விடை கூறிவிடும்.

எங்கெங்கே பார்ப்பது?

உறிஞ்சும் இரும்புக் குழாய், லோரிச் சட்டத்தோடு பிணைக்கப்பட்ட இடங்களில் துரு பிடிக்கும். தோட்டச் சாலையின் செம்மண் சேறு பிணைப்புப் பட்டைக்கு அடியில் ஈரத்தைத் தேக்கி வைப்பதால், வெளியே நல்லதாகத் தோன்றும் குழாயில் உள்ளுக்குள் ஊசித் துளைகள் விழுந்திருக்கும். பட்டையைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். ரப்பர்க் குழாய்கள் கிளிப்புக்கு அடியில் கீறிப்போகும். கிளிப்பை அளவுக்கு மீறி முறுக்குவதே பல வேளைகளில் அக்கீறலுக்குக் காரணம். நீர்க் கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் குழாயை முழுமையாக மூடாமல் விட்டால், இயந்திரம் நிற்கும்போது மட்டும் சொட்டும். ஓடும்போது காற்றை இழுக்கும்.

துளையுள்ள போல்ட்டின் இருபுறமும் வைக்கும் செப்பு வாஷர்கள், ஒருமுறை இறுக்கிய பின் கெட்டிப்பட்டு விடுகின்றன. பழையதையே திரும்பப் போட்டால் சரியாகப் படியாது. புதியது கிடைக்காத வேளையில், பழைய வாஷரைச் செந்தணலாகச் சூடாக்கித் தண்ணீரில் போட்டால் செம்பு மீண்டும் மென்மையாகும். இரும்புக்கு நேர்மாறான குணம் இது, ஒருவேளைக்கு உதவும். பால் ஏற்றும் லோரிகளில் இன்னொரு கவனமும் தேவை. அமோனியா, பித்தளையை வெடிக்கச் செய்யும் இயல்புடையது. அமோனியா கேன்களை ஏற்றும் லோரியானால், டீசல் குழாயிலுள்ள பித்தளை நட்டுகளில் மெல்லிய வெடிப்பு இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பார்ப்பது நலம்.

நம் ரப்பர் இங்கு உதவாது

கீறிய குழாயைச் சைக்கிள் டியூப் துண்டால் இறுகச் சுற்றிக் கட்டும் பழக்கம் தோட்டங்களில் நெடுங்காலமாக உள்ளது. வீடு வந்து சேர்வதற்கு அது துணை புரியலாம்; நிலையான பரிகாரமாகாது. நாம் மரத்திலிருந்து எடுக்கும் இயற்கை ரப்பர் தண்ணீரைத் தாங்கும், தேய்மானத்தைத் தாங்கும், எண்ணெயைத் தாங்காது. ரப்பரும் டீசலும் ஒரே இனத்துப் பொருள்களாதலின் ஒன்று மற்றொன்றை உறிஞ்சிக்கொள்ளும். ஐயமுள்ளோர் காய்ந்த ரப்பர்த் துண்டு ஒன்றை டீசலில் போட்டு மறுநாள் காலையில் எடுத்துப் பார்க்கலாம். அது ஊதிப் பெருத்து, நகம் பட்டால் பிய்ந்துவிடும் நிலையில் இருக்கும். அதனால்தான் டீசல் குழாய்களை எண்ணெயைத் தாங்கும் செயற்கை ரப்பரால் செய்கின்றனர்.

இப்போது அதிலும் ஒரு மாற்றம் வந்துள்ளது. நம் நாட்டில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த உயிரி எரிபொருளை டீசலில் 5 விழுக்காடு கலந்து விற்கும் திட்டம் 2011ஆம் ஆண்டில் தொடங்கிற்று. 2019ஆம் ஆண்டில் லோரிகளுக்கான டீசலில் அது 10 விழுக்காடாக உயர்ந்தது. புதிய லோரிகளுக்கு இதனால் தொல்லை இல்லை. பல ஆண்டுகள் உழைத்த பழைய லோரிகளிலோ, இந்தக் கலவை தொட்டியின் அடியில் படிந்திருந்த பழைய கசடுகளைக் கரைத்து வடிகட்டிக்குக் கொண்டுவரும். பழைய வகை ரப்பர்க் குழாய்களையும் வளையங்களையும் நாளடைவில் தளர்த்தும். குழாய் மாற்றும்போது, உயிரி எரிபொருளைத் தாங்கும் வகைதானா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். விலை சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும்.

காற்றைப் போக்குதல்

ஓட்டையை அடைத்த பின்னர் உள்ளே தங்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். தொட்டியில் போதிய டீசல் இருக்கட்டும். வடிகட்டியின் மேலுள்ள காற்றுத் திருகை ஒரு சுற்றுத் தளர்த்திக் கைப்பம்பை அடியுங்கள். முதலில் நுரை வரும். குமிழியற்ற டீசல் வரும்வரை அடித்து, டீசல் வழிந்துகொண்டிருக்கும்போதே திருகை இறுக்குங்கள். அடிப்பதை நிறுத்திவிட்டு இறுக்கினால் காற்று திரும்பவும் உள்ளே போய்விடும். பிறகு பெரிய பம்பின் திருகிலும் அவ்வாறே செய்க. அதன் பின்னும் கிளம்பாவிட்டால், பழைய வகை லோரிகளில் மட்டும், நோசலுக்குச் செல்லும் குழாயின் நட்டைச் சிறிது தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுழற்றலாம்.

பெரிய பம்பைக் கழற்றிப் பூட்டிய ஒவ்வொருவரும் இந்த வேலையைச் செய்தே ஆக வேண்டும். அதனால்தான் பட்டறையிலிருந்து வந்த பம்பு இரண்டு நாள்களுக்கு நன்றாக வேலை செய்தது. அந்த இரண்டு நாளும் லோரியை ஓட்டியது பழுதுபார்த்த பம்பு அன்று. காற்றைப் போக்கிய கை. வளையத்தின் வழியே காற்று மீண்டும் சேர்ந்ததும் லோரி நின்றது.

உடலுக்கு வரும் ஆபத்து

புதிய லோரிகளில் நோசல் குழாயின் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் 1,600 மடங்குக்கும் மேலாக இருக்கக் கூடும். அவற்றின் நட்டுகளைத் தோட்டத்தில் எவரும் தளர்த்தலாகாது. பழைய லோரியிலும் நோசலிலிருந்து சீறும் டீசலின் முன் கையை நீட்டக் கூடாது. அது தோலைத் துளைத்துச் சதைக்குள் சென்றுவிடும். வெளியே தெரிவது முள் குத்தியது போன்ற ஒரு சிறு புள்ளிதான்; வலியும் தொடக்கத்தில் குறைவாக இருக்கும். அதை நம்பி வீட்டில் இருந்தவர்கள் விரலை இழந்ததுண்டு. உடனே மருத்துவமனைக்குச் சென்று, டீசல் உள்ளே பாய்ந்தது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

குழாயை வாயில் வைத்து டீசலை உறிஞ்சி இழுப்பதையும் நாம் பல இடங்களில் கண்டிருக்கிறோம். தவறி ஒரு மிடறு மூச்சுக் குழலுக்குள் போனால் நுரையீரல் வெந்ததுபோல் புண்ணாகும். விழுங்கியவரை வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. வாந்தியோடு வரும் டீசல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். தாமதமின்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கைப்பம்பு இருக்கும்போது வாய் எதற்கு?

நின்றுவிட்ட லோரியைச் சரிவில் உருட்டிக் கிளப்பும் வழக்கமும் மிகக் கொடியது. இயந்திரம் ஓடாதபோது காற்று பிரேக்கின் சேமிப்பு ஒவ்வொரு மிதிக்கும் குறைந்துகொண்டே வரும், ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். பாரமோ ஆள்களோ பின்னால் இருக்கும்போது இதைச் செய்வது எவ்வாறு முடியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. காற்றுக் கோளாறு உள்ள லோரி, மேட்டிலோ இறக்கத்திலோ தானாகவே நின்றுவிடக் கூடியது. ஆகையால் கோளாறு தீரும்வரை அதில் ஆள்களை ஏற்ற வேண்டாம் என்று மண்டோரும் நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்லலாம்.

ஸ்டார்ட்டரை ஒரு தடவைக்கு 15 வினாடிக்கு மேல் சுழற்றாமல், ஓரிரு நிமிடங்கள் ஆறவிட்டே மீண்டும் முயல வேண்டும். அன்று நம் ஓட்டுநர் அந்தப் பொறுமையை இழந்தமையால், வளையம் மாற்றிய பின்னும் பேட்டரியை மின்னேற்றம் செய்ய மாலைவரை காத்திருக்க நேர்ந்தது. மறுநாள் காலை 5 மணிக்கு, பெரட்டுக்கு ஆள்கள் கூடிக்கொண்டிருந்த வேளையில், முதல் சுற்றிலேயே அந்த லோரி கிளம்பிற்று. அதன் கருவிப் பெட்டியில் இப்போது ஒரு முழம் தெளிந்த குழாயும், நான்கு செப்பு வாஷரும், கிண்ணத்துக்கான வளையம் இரண்டும் இருக்கின்றன.